விட்டுச்செல்வதற்கு யார் பொறுப்பு? லீ மிங்வேயின் இரு பங்கேற்புப் படைப்புகள்

பார்வையாளரையும் படைப்பின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளும் நிறுவல் கலைப் படைப்புகளை இன்று பல அருங்காட்சியகங்களில் காண முடிகிறது. சுவரில் எழுதச் சொல்பவை, மரக்கிளையில் சீட்டைக் கட்டச் சொல்பவை, முன்பின் அறியாத ஒருவரின் எதிரில் உட்காரச் சொல்பவை என அவை பல வகைப்படும். அவற்றின் அறிமுகப் பலகைகள் பெரும்பாலும் மனிதர்களுக்கிடையிலான பிணைப்பையும் தனிமனிதரிடம் நிகழும் மாற்றத்தையும் பற்றிப் பேசுகின்றன. அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்பதை அறிய நான் நம்பும் அளவுகோல் ஒன்று உண்டு. பார்வையாளர் அங்கே விட்டுச்செல்லும் சொல்லையும் பொருளையும் அந்தப் படைப்பு பிறகு என்ன செய்கிறது என்பதே அது. இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, தைவானில் 1964இல் பிறந்த லீ மிங்வேயின் 'கடிதம் எழுதும் திட்டம்', 'கிழிசல் தைக்கும் திட்டம்' ஆகிய இரண்டும் இவ்வகைப் படைப்புகளில் நான் அனுபவித்தவற்றுள் மிகச் சிறந்தவை என்று தயக்கமின்றிச் சொல்வேன். இரண்டும் அருகருகே வைக்கப்பட்டிருந்த ஒரு கண்காட்சியில் அவற்றில் பங்கேற்றேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

கடிதத் திட்டம் 1998இல் தொடங்கியது. தாய்வழிப் பாட்டி இறந்த பிறகு, அவரிடம் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம், அவர் உயிருடன் இருப்பதுபோலவே பாவித்து, லீ நீண்ட காலம் கடிதங்களாக எழுதிவந்தார். அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான் இந்தப் படைப்பு. மரச்சட்டங்களாலும் ஒளி ஊடுருவும் மங்கலான கண்ணாடியாலும் ஆன மூன்று சிறிய அறைகள் கூடத்தில் தனித்தனியே நிற்கின்றன. ஒன்றில் நின்றபடி எழுத வேண்டும். ஒன்றில் அமர்ந்து எழுத வேண்டும். மற்றொன்றில் மண்டியிட்டு எழுத வேண்டும். நிற்றல், அமர்தல், மண்டியிடுதல் ஆகிய மூன்றும் சீனாவில் வளர்ந்த சான் பௌத்தத்தின் தியான மரபிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை. உள்ளே தாளும் பேனாவும் உறைகளும் இருக்கின்றன. இறந்துபோனவருக்கோ விலகிப்போனவருக்கோ இதுவரை சொல்லாமலிருந்த நன்றியை, மன்னிப்பை, வருத்தத்தை எழுதலாம் என்பது மட்டுமே அழைப்பு. எழுதி முடித்த கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி முகவரி எழுதி வைத்தால் அருங்காட்சியக ஊழியர்கள் அதை அஞ்சலில் சேர்க்கிறார்கள். ஒட்டாமல் அறைச் சுவரில் உள்ள இடுக்குகளில் வைத்தால் அடுத்து வருபவர்கள் அதை எடுத்துப் படிக்கலாம். முகவரி இல்லாத கடிதங்கள் பின்னர் தீயிடப்படுகின்றன.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் உள்ளே போன பிறகுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. நான் மண்டியிட்டு எழுதும் அறையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நிலையில் உடல் நெடுநேரம் இருக்க ஒப்புவதில்லை. ஆகவே முன்னுரையாக எழுதுவதற்கோ அலங்காரமாக எழுதுவதற்கோ பொறுமை இருப்பதில்லை. பல ஆண்டுகளாகப் பேச்சற்றுப் போயிருந்த என் அக்காவுக்கு எழுதத் தொடங்கினேன். முதல் வாக்கியமே நேராக விஷயத்துக்கு வந்துவிட்டது. வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்து எழுதியிருந்தால் நான் ஒரு பக்கம் சுற்றி வளைத்திருப்பேன். மங்கலான கண்ணாடிக்கு அப்பால் மற்ற அறைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்களின் உருவக்கோடுகள் தெரிந்தன. அவர்கள் முகம் தெரியாது, என்ன எழுதுகிறார்கள் என்பதும் தெரியாது. ஆனாலும் அதே வேலையில் இன்னும் சிலர் ஈடுபட்டிருக்கிறார்கள் என்ற உணர்வு எழுதும் கைக்கு ஒரு துணையாக இருந்தது. கண்ணாடி தெளிவானதாக இருந்திருந்தால் ஒருவரையொருவர் பார்த்துக் கூசியிருப்போம். சுவராக இருந்திருந்தால் தனிமை மட்டுமே மிஞ்சியிருக்கும். பொருளைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு கலைஞரின் சிந்தனை எவ்வளவு ஆழமாகச் செல்ல முடியும் என்பதற்கு இந்தக் கண்ணாடி நல்ல சான்று.

எழுதி முடித்த பிறகு எடுக்க வேண்டிய முடிவுதான் இந்தப் படைப்பின் உயிர்நாடி. ஒட்டுவதா, திறந்து வைப்பதா, முகவரி எழுதுவதா, விட்டுவிடுவதா? எழுதும்போது நெஞ்சைத் திறந்து கொட்டிவிட்ட நிறைவு இருக்கும். அந்த நிறைவோடு வெளியேறிவிடலாம் என்ற சபலமும் கூடவே வரும். முகவரியை எழுதும் கணத்தில்தான் இது வெறும் மனப்பயிற்சியன்று, மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறார், அவர் இதைப் பிரித்துப் படிப்பார் என்பது உறைக்கிறது. நான் நீண்ட நேரம் தயங்கிய பிறகே முகவரியை எழுதி ஒட்டினேன். அக்கா சில வாரங்களுக்குப் பின் தொலைபேசியில் அழைத்தார். நான் எழுதியிருந்த ஒரு நிகழ்ச்சி தம் நினைவில் வேறு விதமாக இருக்கிறது என்று சொல்வதற்காகவே அழைத்தார்; அந்த மறுப்பை ஒட்டிப் பேச்சு வளர்ந்தது, இன்னும் வளர்கிறது. எல்லோருக்கும் இப்படி நிகழும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் படைப்பு, நிகழ்வதற்கான வாய்ப்பைத் தன் கட்டமைப்பிலேயே வைத்திருக்கிறது. கூடத்தின் சுவர்களோடு அது முடிந்துவிடுவதில்லை. அஞ்சல்காரரின் பை வழியாக வெளியே போகிறது.

திறந்து வைக்கப்பட்ட கடிதங்களைப் படிப்பது வேறோர் அனுபவம். குழந்தைகள் எழுதியவை, கை நடுங்கும் முதியவர்கள் எழுதியவை, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளில் எழுதப்பட்டவை என இடுக்குகள் நிறைந்திருந்தன. அவற்றின் உள்ளடக்கம் எதையும் இங்கே எடுத்துச் சொல்வது சரியாகாது. படிக்கலாம் என்ற அனுமதி அந்த அறைக்கு உள்ளேதான் செல்லும் என்று கருதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: வருந்துகிறேன் என்று தொடங்கும் கடிதங்களைவிட, நன்றி என்று தொடங்கும் கடிதங்களே படிக்க அதிகம் கனமாக இருந்தன. சிலர் இந்தக் கடிதங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊழியர்கள் அதைத் தடுக்கவில்லை. நான் சென்ற அருங்காட்சியகத்தின் நிர்வாகத்தில் கண்ட பெருங்குறை இதுவே. படிக்கக் கொடுத்த நம்பிக்கையைப் படமாக எடுத்துச் செல்வது அந்த நம்பிக்கையைச் சிதைப்பதாகும். வாயிலில் ஒரு சிறு அறிவிப்பு வைத்தாலே இதில் பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

கிழிசல் தைக்கும் திட்டம் 2009ஆம் ஆண்டுப் படைப்பு. இதன் வித்து 2001 செப்டம்பர் 11ஆம் நாளில் விழுந்தது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் பணிபுரிந்த லீயின் வாழ்க்கைத்துணை அன்று உயிர் தப்பினார். அந்த அதிர்ச்சியில் என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டில் வெகுநாள்களாகக் கிழிந்து கிடந்த துணிகளை எடுத்துத் தைக்கத் தொடங்கினார் லீ. பெருந்துயரின் முன்னால் கைக்கு எட்டும் சிறு வேலையைப் பற்றிக்கொள்ளும் இந்தச் செயல், பிறகு பொது இடத்துக்கு வந்தது. நீண்ட மேசை ஒன்று, இரண்டு நாற்காலிகள், எதிர்ச் சுவர் முழுவதும் பல வண்ண நூற்சுருள்கள், இவ்வளவுதான் அமைப்பு. பார்வையாளர் கிழிந்த துணியைக் கொண்டுவருகிறார். லீயோ அவரால் பயிற்றுவிக்கப்பட்ட ஒருவரோ எதிரில் அமர்ந்து, பேசிக்கொண்டே அதைத் தைக்கிறார். தைத்து முடித்த பிறகு நூலை வெட்டுவதில்லை. துணி மேசைமேல் உள்ள குவியலில் சேர்கிறது. அதன் நூல் சுவரில் உள்ள சுருளோடு இணைந்தே இருக்கிறது. நாள்கள் செல்லச் செல்ல மேசைக்கும் சுவருக்கும் இடையில் நூல்கள் ஒரு வலையாகப் பெருகுகின்றன. கண்காட்சி முடியும்போது உரியவர்கள் வந்து தம் துணியைப் பெற்றுக்கொள்ளலாம். இந்தப் படைப்பு, பன்னாட்டுக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயிலும் 2017இல் இடம்பெற்றது.

முழங்கையில் நைந்துபோன ஒரு சட்டையை நான் எடுத்துச் சென்றேன். எனக்குத் தைத்தவர் ஒரு தன்னார்வலர். சட்டையின் நிறத்துக்கு ஒத்த நூலை அவர் எடுக்கவில்லை. கிழிசலை மறைக்க வேண்டாம், அது இருந்ததைச் சொல்லும்படி தைக்கலாம் என்று கூறி, மஞ்சளும் ஊதாவுமாக இரண்டு நூல்களைத் தேர்ந்தெடுத்தார். மறைக்காமல் தைப்பது என்பது இந்தப் படைப்பின் அடிப்படைக் கொள்கை. பழுது நீங்கியதை விருந்தாகக் கொண்டாடும் தொனி அந்தத் தையலில் இருந்தது. அவர் கண்கள் பெரும்பாலும் ஊசியிலேயே இருந்ததால் என் பேச்சு தடையின்றி வந்தது. எதிரில் இருப்பவர் நம்மை உற்றுப் பார்க்காதபோது, ஆனால் நமக்காகவே ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, சொல்ல நினைத்திராதவையும் வாயில் வந்துவிடுகின்றன. சட்டை எப்படிக் கிழிந்தது என்ற கேள்வியிலிருந்து, அதை ஏன் இத்தனை காலம் தூக்கி எறியவில்லை என்ற கேள்விக்கும், அங்கிருந்து வேறு இடங்களுக்கும் பேச்சு சென்றது. அவரும் தம்மைப் பற்றிச் சொன்னார். கேட்பவரும் சொல்பவரும் இடம் மாறிக்கொள்ளும் இந்த இயல்பு, ஒருவர் நடிக்க மற்றவர் பார்க்கும் நிகழ்த்துகலைகளில் எளிதில் கிடைப்பதில்லை.

இங்கே நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச்சை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் 2010இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ மூன்று மாதங்கள், 700 மணி நேரத்துக்கு மேல், ஒரு நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் அமர்ந்து அவர் கண்களைப் பார்த்தவர்கள் சுமார் 1,500 பேர். அவர்களுள் பலர் அழுதார்கள். அந்தப் படைப்பின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அங்கே பிணைப்பு முழுவதும் ஒரே ஒருவரின் பெயரையும் உடலையும் நம்பி நிற்கிறது. அவர் எழுந்து சென்றால் நாற்காலிதான் மிஞ்சும். அவரே 1974இல் நேப்பிள்ஸில் நிகழ்த்திய படைப்பு வேறொரு பாடத்தைத் தருகிறது. 72 பொருள்களை மேசையில் வைத்து, அவற்றைக் கொண்டு தம் உடலை எதுவும் செய்யலாம் என்று ஆறு மணி நேரம் பார்வையாளர்களுக்கு அனுமதி அளித்தார். அவர் ஆடைகள் வெட்டப்பட்டன. குண்டு நிரப்பிய துப்பாக்கி அவரை நோக்கி நீட்டப்பட்டது. எல்லையற்ற சுதந்திரத்தைக் கொடுத்து, அதற்குப் பொறுப்பை மட்டும் கேட்காமல் விட்டால் பங்கேற்பு எங்கே போய் நிற்கும் என்பதை அந்த மாலை காட்டியது. லீ தரும் வேலை மிகச் சிறியது, வரையறுக்கப்பட்டது. அந்தச் சிறிய அளவே பங்கேற்பவரைக் காக்கிறது.

மறுபக்கத்தில், பங்கேற்பவரிடம் எதையுமே கேட்காத படைப்புகள் இருக்கின்றன. யாயோய் குசாமா 2002இல் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்துக்காகக் குழந்தைகளை மனத்தில் வைத்து உருவாக்கிய அறை அழகானது: முழுவதும் வெள்ளை பூசிய ஒரு வீட்டுக்கூடத்தில் ஒவ்வொருவரும் வண்ணப் பொட்டுகளை ஒட்ட ஒட்ட, வெண்மை மறைந்துபோகிறது. கூட்டாக ஒன்றைச் செய்யும் மகிழ்ச்சி அதில் உண்டு. குழந்தைகளுக்கு அது போதும். ஆனால் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு பின்னால் வந்த எத்தனையோ ஒளி அறைகளும் கண்ணாடி அறைகளும் படம் எடுத்துக்கொள்ளும் பின்னணியாக மட்டுமே பயன்படுகின்றன. அங்கே நாம் எதையும் விட்டுச்செல்வதில்லை; ஆகவே அங்கிருந்து எதுவும் நம்மைத் தொடர்ந்து வருவதுமில்லை.

கேண்டி சாங் 2011இல் நியூ ஆர்லியன்ஸில் கைவிடப்பட்ட ஒரு வீட்டின் சுவரைக் கரும்பலகையாக்கி, இறப்பதற்கு முன் நான் செய்ய விரும்புவது என்ற தொடரை வரிசையாக எழுதி வைத்தார்; மீதியை வழிப்போக்கர்கள் சுண்ணக்கட்டியால் நிரப்பினார்கள். அன்பான ஒருவரை இழந்த துயரில் தொடங்கிய அந்தச் சுவர், பிறகு 70க்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000க்கும் மேலான சுவர்களாகப் பரவியது. அது தெருவில் இருக்கிறது, நுழைவுச் சீட்டுக் கேட்பதில்லை என்பதால் அதன்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் எழுதியது அழிந்துவிடும்; எழுதியவருக்கும் அந்த ஆசைக்கும் இடையே வேறு எவரும் நிற்பதில்லை. யோகோ ஓனோ 1996 முதல் பல நாடுகளில் வைத்துவரும் விருப்ப மரம் இதைவிட ஒரு படி முன்னே செல்கிறது. கிளைகளில் மக்கள் கட்டும் சீட்டுகள் குப்பைக்குப் போவதில்லை; அவை சேகரிக்கப்பட்டு, ஐஸ்லாந்தின் விடே தீவில் 2007இல் அவர் எழுப்பிய ஒளிக்கோபுரத்துக்குச் சேர்க்கப்படுகின்றன. எழுதிய சொல் எங்கே போகிறது என்பதற்கு அங்கே ஒரு விடை இருக்கிறது.

இன்னொரு வரிசையில், படைப்பே தன்னைக் கொடுத்துக் கரைவதும் உண்டு. ஃபெலிக்ஸ் கொன்சாலஸ் டோரஸ், எய்ட்ஸ் நோயால் 1991இல் இறந்த தம் இணையரின் உருவச்சித்திரமாக, 175 பவுண்டு எடையுள்ள மிட்டாய்களை ஒரு மூலையில் குவித்தார். வருபவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் செல்ல, நோயில் மெலிந்த உடல்போல் குவியல் குறைகிறது; அருங்காட்சியகம் மீண்டும் நிரப்புகிறது. எடுத்தவர் வாயில் இனிப்போடு அந்த இழப்பிலும் பங்குதாரர் ஆகிறார். லீயின் 'நகரும் தோட்டம்' இதற்கு உறவுடையது. கற்பலகை போன்ற நீண்ட மேசையின் பிளவில் மலர்கள் நிற்கும். ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திரும்பும் வழியில் வழக்கமான பாதையிலிருந்து விலகி நடந்து, அறியாத ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தார்களா என்று எவரும் சரிபார்ப்பதில்லை. எடுத்த மலரின் கடமை முழுவதும் எடுத்தவரின் கையில் விடப்படுகிறது.

இவ்வகைக் கலையின்மேல் வைக்கப்படும் மிக வலுவான எதிர்வாதத்தையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். மனித உறவுகளையே தன் கச்சாப்பொருளாகக் கொள்ளும் கலை என்று பிரெஞ்சுக் கலை விமர்சகர் நிக்கோலா பூரியோ 1998இல் இந்தப் போக்குக்கு ஒரு கோட்பாடு வகுத்தார். அதற்கு 2004இல் மறுப்பு எழுதிய கலை விமர்சகர் கிளேர் பிஷப், உறவுகள் உண்டாகின்றன என்பது மட்டும் போதாது, எத்தகைய உறவுகள், யாருக்காக, எதற்காக என்று கேட்க வேண்டும் என்றார். ஒரே மாதிரியான மனிதர்கள் ஓர் இனிய மாலையில் கூடிக் கலைவதை மக்களாட்சி என்று அழைத்துவிட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தக் கேள்வியின் முன்னால் லீயின் படைப்புகளும் முழுமையாகத் தப்புவதில்லை. கிழிந்த துணியோடு அருங்காட்சியகத்துக்கு வருபவர், கிழிந்த துணியைத் தவிர வேறு துணி இல்லாதவர் அல்லர். தைக்கும் தொழிலால் வாழ்பவர்களின் உழைப்பைப் பற்றி அந்த மேசை எதுவும் சொல்வதில்லை; தன்னார்வலர் பல மணி நேரம் இலவசமாகத் தைக்கிறார் என்பதும் என்னை உறுத்தியது. ஆனால் கடிதத் திட்டத்தைப் பொறுத்தவரை பிஷப்பின் கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. அங்கே உறவு கூடத்தில் இருப்பவர்களுக்கிடையில் உருவாவதில்லை. வராதவரோடு, வர இயலாதவரோடு, சில வேளை வர விரும்பாதவரோடு உருவாகிறது. அந்த உறவில் பிணக்குக்கும் இடம் இருக்கிறது.

நடைமுறைக் குறைகள் சில. மண்டியிட்டு எழுதும் அறை மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பொருந்தாது; அவர்கள் அமரும் அறைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. விடுமுறை நாளின் பிற்பகலில் வரிசை நீண்டது, வெளியே நிற்பவர்களின் பொறுமையின்மை கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது, எழுதுபவர்கள் அவசரப்பட்டார்கள். தைப்பவர்களின் திறமையும் ஒரே அளவில் இல்லை. எனக்குத் தைத்தவருக்கு அடுத்த முறையில் தைக்க அமர்ந்தவர், எதிரில் இருந்தவரைப் பேசவிடாமல் கலைஞரின் வரலாற்றையே ஒப்பித்துக்கொண்டிருந்தார்; அந்த மேசையில் கேட்கத் தெரிந்திருப்பது தைக்கத் தெரிந்திருப்பதைவிட முக்கியம் என்பதைப் பயிற்சியளிப்போர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தப் படைப்புகள் எங்கேனும் காட்சிக்கு வரும்போது செல்ல விரும்புவோருக்கு என் பரிந்துரைகள் இவை. வேலைநாளில், கதவு திறந்தவுடன் செல்லுங்கள். யாருக்கு எழுதப் போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம். ஆனால் எழுதக்கூடிய இரண்டு மூன்று பேரின் முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டோடு குறித்து எடுத்துச் செல்லுங்கள். முகவரி தெரியாது என்பதையே சாக்காக்கிக் கடிதத்தை அங்கே விட்டுவர மனம் எளிதில் ஒப்பும். தைக்கக் கொடுக்கும் துணி நீங்கள் மீண்டும் உடுத்தக்கூடியதாக இருக்கட்டும். காட்சிக்காகவே கிழித்து எடுத்துவந்த துணியை ஒருவர் மேசையில் வைத்ததைப் பார்த்தேன். பேசுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. கண்காட்சி முடியும் நாளில் திரும்பி வர முடியாது என்றால் தைக்கக் கொடுக்காமலிருப்பதே நல்லது. உரியவர் வந்து பெற்றுக்கொள்வதும் இந்தப் படைப்பின் ஒரு பகுதி. மேசையில் வைத்த துணிக்கு அருங்காட்சியகம் பொறுப்பேற்பதுபோல, வைத்தவரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.